கற்கண்டுப் பொட்டலம்

“இருக்கு” என்றார் டாக்டரம்மா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டாக்டரம்மா பேனா முனையால் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே ஒட்டிக்கொண்டு வளர்கிறதாம். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். மாதாமாதம் அதுவும் கசியுமாம்.

“வலிக்கத்தான் செய்யும்.”

இதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. ஆனது. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறக்கவில்லை. ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லாம் நார்மல் என்றார்கள். ஒருவர் தியானம் செய்யச் சொன்னார். இதுவரை மோரில் விழுங்கிய வெந்தயத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறும்.

கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாப் பெண்களும் பொறுத்துக்கொள்வதை நான் மட்டும் பெரிதுபண்ணுகிறேனோ? குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கும்போதுகூட, இது நடிப்போ என்று தன்னையே கேட்டிருக்கிறாள்.

இப்போது படத்தில் இருக்கிறது. கறுப்பாக.

மாத்திரை. தேவைப்பட்டால் ஆபரேஷன். குழந்தைக்கும் வழி இருக்கிறது. டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். முழுசாகப் போய்விடும் என்று மட்டும் சொல்லவில்லை. அதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லையே.

சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று.

பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கோபியிலிருந்து பஸ் ஏறிக் கூடவே வந்தவள். பிரசவ டாக்டரின் அறையிலிருந்து மருமகள் சிரித்துக்கொண்டே வந்தால் எந்த மாமியாரும் என்ன நினைப்பாளோ, அதையேதான் அவளும் நினைத்தாள். போன வாரம்தான் இவள் சுருண்டு கிடந்தாள் என்பதெல்லாம் ஆசைக்கு ஞாபகம் இருக்குமா?

மடமடவென்று மஞ்சப்பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். கற்கண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் கூடவே வரும். பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

“எத்தன நாளாச்சாம் கண்ணு?”

“அதில்லீங்கத்தை.”

சொன்னாள். கறுப்புத் திட்டை. ஒட்டிக்கொண்டு வளர்வதை. அதன் பெயரை. சொல்லும்போதும் சிரிப்பு போகவில்லை. கண்ணீரும் கூடச் சேர்ந்துகொண்டது.

அத்தையின் கை பொட்டலத்தோடு அப்படியே நின்றது.

மாசாமாசம் ஒரு நாடகம் என்று போன மாதம் யாரிடமோ ஃபோனில் சொன்ன அதே வாய். திறந்தது.

“அப்ப நெசமாலுமே வலிச்சுதா?”

அவள் தலையாட்டினாள்.

உள்ளே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள்.

பொட்டலம் திரும்பவும் பைக்குள் போய்விடும் என்று அவள் நினைத்தாள்.

அத்தை அதன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஆ காட்டு.”