கொக்கி பிடித்த நேரம்

விலை உயர்ந்த ஒரு கைக்கடிகாரத்தில் டயல் மணிக்கட்டின் மேலேயும், செயினைப் பூட்டும் கொக்கி அடியிலேயும் இருந்தன. கழற்றினாலும் நேரே இருட்டுப் பெட்டிக்குள் போய்விடும். அதனால் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

"காலையில ஒரு தடவை மூடுறே, சாயங்காலம் ஒரு தடவை திறக்குறே. வேற என்ன வேலை உனக்கு?" என்று டயல் அடிக்கடி கேட்கும்.

கடிகாரத்தின் சொந்தக்காரர் ரொசாரியோ, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி வழிகாட்டுகிறவர். ஒருநாள் படகிலிருந்து கப்பலின் கயிற்றேணியில் ஏறும்போது, தொங்கிய கயிறு ஒன்று செயினுக்குள் புகுந்து சுண்டி இழுத்தது. டயலுக்குக் கீழே கடல் மட்டும்தான் தெரிந்தது. "போச்சு!" என்று அலறியது. ஆனால் அவர் கயிற்றை விடுவிக்கும்வரை கொக்கி திறக்கவே இல்லை.

கரைக்கு வந்ததும் ரொசாரியோ கடிகாரத்தைக் கழற்றி, உப்புநீர் போகக் கழுவி, வெயிலில் விரித்து வைத்தார். டயல் முதல்முறையாகக் கொக்கியைப் பார்த்தது. மடிந்து விரியும் மெல்லிய தகடுகள். ஓரத்தில் கடுகளவு இரண்டு எஃகுக் குண்டுகள். அவற்றைத் தள்ளிப் பிடிக்க, அரிசிமணி நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்குகள்.

"இத வெச்சா பிடிச்சே?" என்று கேட்டது டயல். "எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே?"

"நேரம் பார்க்கிறது நீதானே," என்றது கொக்கி.

டயல் யோசித்தது. நாலு விநாடி. எத்தனையோ வருஷமாக விநாடிகளைக் காட்டிவந்த அதற்கு, நாலு விநாடி எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிந்தது.