ஃபீபி போட்ட கமா

"மாதா சத்தியமாச் சொல்றேன் புஷ்பம், இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. எங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஃபீபி ஒரு ப்ரொசீஜர் எழுதினா, அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள மூணு வருஷத் தோல் ஸ்டாக்கும் ஸ்கிரீன்ல வந்து நிக்குது!"

ஜோஸ் சொன்னது மட்டுமல்ல, இனி வரப்போவதும் எழுத்துக்கு எழுத்து உண்மை. நடந்தது 1999இல். சந்தேகப்படுகிறவர்கள் ஆம்பூர் பஜாரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். பாதிப்பேராவது தலையாட்டுவார்கள்.

ஜெயபுஷ்பத்தின் கையில் கரண்டி நின்றது. புருஷன் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனிலிருந்து கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு மாறிவிட்டதாகச் சொல்லி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நானூறு தடவை ஃபீபி.

"ப்ரொசீஜர்னா இன்னா?"

"ஸ்டோர்டு ப்ரொசீஜர். உனக்குப் புரியாது, வுடு."

அந்த 'வுடு' அவளுக்குள் மிளகாய்த்தூளாக இறங்கியது. பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு அவள். கல்யாணமான நாளிலிருந்து, "கம்ப்யூட்டர் கத்துக்கோயேன்" என்று ஜோஸ் கெஞ்சியும், "எனக்கெதுக்கு அந்தப் பேஜாரு" என்று தட்டிக் கழித்தவளும் அவள்தான்.

"அவ கறுப்பா, செவப்பா?"

"மூஞ்சியை யாரு பார்த்தா? ஸ்கிரீனைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு கமாவும் முத்து கோத்த மாதிரி!"

ஒருத்தியின் கண்ணைப் புகழ்கிற புருஷனோடு சண்டை போடலாம். கமாவைப் புகழ்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் காலை பத்து மணிக்கு, பைபாஸ் ரோட்டில் ஹபீப் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் போய் நின்றாள்.

"எனக்கு ஸ்டோர்டு ப்ரொசீஜர் கத்துக்குடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"மொதல்ல கம்ப்யூட்டரை ஆன் பண்ணக் கத்துக்கலாம் சிஸ்டர்" என்றார் ஹபீப் பொறுமையாக.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் நன்றாகத்தான் இருந்தது. "ஷூவுக்கு அச்சு இருக்குதுல்ல? அதை ஒரு தடவை செஞ்சு வெச்சுட்டா, எந்தத் தோலை மாட்டினாலும் அதே ஷூ வரும். ப்ரொசீஜர் அந்த அச்சு மாதிரி. எழுதி உள்ள வெச்சுட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். நாம மாட்டற தோலுக்குப் பேர்தான் பாராமீட்டர்."

"ஃபீபிக்கு பாராமீட்டர் தெரியுமா?"

"யாரு ஃபீபி?"

"யாரோ ஒரு மூதேவி. நீங்க சொல்லுங்க."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே போட்டி. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு ஃபீபி ரெண்டு டேபிளை, அதான் ரெண்டு லிஸ்டை, ஒண்ணாச் சேர்த்தா" என்பான் ஜோஸ். காலையில் ஜெயபுஷ்பம் ஹபீப்பின் முன்னால் உட்கார்ந்து, "ரெண்டு டேபிளைச் சேர்க்காம நான் எழுந்திருக்க மாட்டேன்" என்பாள். பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் ஃபீபியின் வேலையைப் பார்த்து, டீகூடக் குடிக்காமல் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதாக ஜோஸ் சொன்ன வாரம், இவள் சர்ச்சில் முழங்காலிட்டு, ஜெபத்துக்கு நடுவில் கமாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஹபீப், பழகுவதற்காக நாற்பது பெயர் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். ஜெயபுஷ்பம் அதில் தன் பங்குக்கு ஜோஸையும் ஃபீபியையும் சேர்த்தாள். ஃபீபியை ஒழித்துக்கட்ட ஆசை ஆசையாக ஒரு ப்ரொசீஜர் எழுதி ஓட்டினாள். பட்டியல் மொத்தமும் காலி. ஜோஸும் போய்விட்டான்.

"அழிக்கச் சொன்னீங்க, யாரைன்னு கண்டிஷன் போடலையே சிஸ்டர்! ஒருத்தி மேல இருக்கற கோபத்துல ஊரையே காலி பண்ணிட்டீங்க!"

கண்டிஷன் போட அவள் அதன் பிறகு மறந்ததே இல்லை.

ஐந்தாவது மாதம் ஹபீப் சொன்னார்: "ஒரு ஷூ கம்பெனியில ப்ரொசீஜர் எழுத ஆள் கேக்கறாங்க. உங்க வூட்டுக்காரர் கம்பெனிதான். போறீங்களா?"

போகாமல்? ஜோஸிடம் மூச்சு விடவில்லை. கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வேலைக்குக் கட்டுகிற புடவை இல்லைதான். ஆனால் அவள் போவது வேலைக்கா? ஃபீபியின் மூஞ்சியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும்.

மேனேஜர் அப்துல் சமத் அவளை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். "ஸ்டாஃப் லிஸ்ட் மொத்தமும் இதுல ஏத்தியாச்சும்மா. பேரைக் குடுத்தா அவங்க செக்‌ஷன் வரணும். ஒரு ப்ரொசீஜர் எழுதுங்க, பார்ப்போம்."

பத்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். முதலில் கொடுத்த பெயர், ஃபீபி.

பூஜ்யம் என்றது திரை. அப்படி யாரும் இல்லையாம்.

"தப்பாயிடுச்சாம்மா?"

"இருங்க சார்." கண்டிஷனைப் பார்த்தாள். பாராமீட்டரைப் பார்த்தாள். கமா ஒவ்வொன்றும் முத்து. மறுபடி ஓட்டினாள். பூஜ்யம். நெற்றி வியர்க்க, ஜோஸ் என்று கொடுத்தாள். உடனே வந்தது: கட்டிங் செக்‌ஷன்.

"அடடே, கரெக்டா வருதே!" என்றார் அப்துல் சமத்.

"இல்ல சார், தப்பா வருது. அவரு கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருக்காரு. அங்க வேற யார் யார் இருக்காங்க?"

அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் செக்‌ஷனா? அதுக்கு நீங்கதாம்மா மொத ஆளு. 'என் சம்சாரம் தயாராயிட்டு இருக்கா, வேற ஆளைப் போட்றாதீங்க'ன்னு அஞ்சு மாசமா உங்க வூட்டுக்காரர் என்னைத் தூங்க விடலை."

அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து அன்றோடு ஆறு நாள்தான் ஆகியிருந்தது.