ஏழாம் நம்பர் பீப்பாய்

"தண்ணி கலக்காத ரை தானிய விஸ்கியை அவசரப்பட்டு முகரக் கூடாது. முகத்துல அறைஞ்சிடும்."

ஆலையின் தலைமைச் சுவைப்பாளர் கிளாஸை மூக்கருகே பிடித்துக் கண்களை மூடினார்.

"மிளகு. அடுத்து கிராம்பு. கடைசியில லேசா கருகின சர்க்கரை. நீ என்ன சொல்றே?"

உதவியாளர் ஒரு வாய் சுவைத்துத் துப்பிவிட்டு, வழக்கம்போலத் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பீப்பாய் பாட்டிலுக்குப் போகும். ஆலையில் அதுதான் சட்டம்.

ஆனால் இன்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உதவியாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சார், இனிமே என்னால முடியாது. போன வருஷம் காய்ச்சல்ல படுத்ததிலிருந்து எனக்கு வாசனையே தெரியல. நாக்கு எரியுது, அவ்வளவுதான். வேலை போயிடுமேன்னு வாயைத் திறக்கல. உங்க மூக்கு இருக்கிற தைரியத்துலதான் காலம் தள்ளினேன்."

தலைமைச் சுவைப்பாளர் திட்டவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிரித்து, உதவியாளர் பக்கம் தள்ளினார். பத்து வருடத்துக்கு முந்தைய தேதியில், தலைமைச் சுவைப்பாளரின் கையெழுத்தில் இருந்தது: மிளகு, கிராம்பு, கருகின சர்க்கரை.

"தினமும் இதைப் படிச்சிட்டுத்தான் உள்ளே வருவேன். என் மூக்கு செத்து மூணு வருஷமாச்சு. நீ தலையாட்டறதை வச்சுத்தான், சரியாச் சொல்றோம்னு நம்பிட்டிருந்தேன்."

கதவைத் தட்டிவிட்டு மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர் எப்படி? அனுப்பிடலாமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு, சேர்ந்தே தலையாட்டினார்கள்.