நாகபூஷணத்தின் புத்தி

மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற நாகபூஷணத்துக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் தேவானந்தம் சித்தூர் ஜெயிலுக்குப் போனார். சரியாக இருந்தால் தூக்கு. 1974 அது.

நகரியில் தறி ஓட்டியவன். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னான்.

“எனக்குப் பைத்தியம் இல்ல சார். வீணா சந்தேகப்பட்டு நான்தான் கொன்னேன்.”

“தூக்கம் வருதா?”

“வருது சார். மத்தியானத்துல அவ வந்து பக்கத்துல குந்திக்கினு, சோறு துன்னியான்னு கேக்கறா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு பதில் சொல்றது?”

அவன் அழுதான். டாக்டருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. செத்தவளைப் பார்க்கிறான் என்றால் பைத்தியம் என்று எழுதிவிடலாம். உயிராவது மிஞ்சும்.

வெளியே, ஜெயில் கேட்டருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். முந்தானையால் கழுத்தைச் சுற்றி மூடியிருந்தாள்.

“எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்லல சார். ஆனா, பைத்தியம்னே எழுதிடுங்க.”

மார்ச் மாதம் அவளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்தவர் தேவானந்தம்தான்.

அவன் சொன்னது அத்தனையும் நிஜம் என்று தெரிந்துகொண்டே, புத்தி சரியில்லை என்று அவர் எழுதினார். கையெழுத்துப் போடும்வரை அவள் வெயிலில் அப்படியே நின்றிருந்தாள்.