ஒன்பதாம் நிலையில் ஒரு பாட்டு

சிலுவைப்பாதையின் ஒன்பதாம் நிலையில் இயேசு மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தபோது, கோயில் ஸ்பீக்கரில் ஒருத்தி ‘மாமா, மாமா’ என்று கொஞ்ச ஆரம்பித்தாள்.

முழங்காலில் இருந்த ஊரே நிமிர்ந்தது. சிலுவையைப் பிடித்திருந்த உபதேசியார் ஆண்டனிக்கு அடுத்த வரி மறந்துபோனது.

பிலவேந்திரனுக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் எந்த நாதாரி இந்தக் கண்றாவியைப் போடுகிறான் என்று திரும்பிப் பார்த்தான்.

எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாதாரியின் கையில்தான் போன் இருந்தது.

சிலுவைப்பாதைக்குப் பின்னணியாகச் சோக வயலின் ஓட விடுவது அவன் பொறுப்பு. போனை ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்தவனும் அவன். அதை மறந்துவிட்டு, எட்டாம் நிலைக்கும் ஒன்பதாம் நிலைக்கும் நடுவே கை அரித்து, பெண்டாட்டியின் ஸ்டேட்டஸைத் திறந்த புத்திசாலியும் அவனேதான்.

அவன் தடவத் தடவப் பாட்டு நிற்கவில்லை. சத்தம்தான் கூடியது.

பெண்கள் பக்கம் பாயில் முழங்காலிட்டிருந்த அவன் பெண்டாட்டி சகாயராணி மட்டும் திரும்பவில்லை.

பொங்கல் கழிந்த கையோடு அம்மா வீட்டுக்குப் போனவள் அவள். அம்மா வீடு ஒன்றும் சீமையில் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெரு, அதே பங்குக் கோயில். அவள் அப்பா அடக்கத்தில் அவள் அழுத அழுகையைப் பொங்கலன்று விருந்தாட்கள் முன்னால் பிலவேந்திரன் நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

நேரில் போய்க் கூப்பிட அவனுக்குப் பயம். வாயைத் திறந்தால் ஜோக்குதான் வரும். அவனுக்கே தெரியும்.

நல்லவேளை, அவள் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு பாட்டு வைத்தாள். பிரிவு, ஏக்கம், நிலா, தூக்கம் வராத தலையணை. பிலவேந்திரனுக்கு இந்தச் சரக்கே ஆகாது. ஜீராவில் ஊறிய குரல்கள். இரண்டு வரி கேட்டாலே வாயில் ஈ புகுந்த மாதிரி இருக்கும்.

ஆனாலும் கேட்டான். கஷாயம் குடிக்கிறவன் மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு முழுசாகக் கேட்டான். பதிலுக்கு அதைவிடக் கேவலமான ஒன்றைத் தேடிப் பிடித்து, ‘சமீபத்தில் மனசைத் தொட்ட பாட்டு’ என்று மேலே எழுதித் தன் ஸ்டேட்டஸில் வைப்பான். வைத்துவிட்டு வாய் கொப்பளிப்பான். அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டும். அது போதும் அவனுக்கு.

ஒருநாள் அவள் பாட்டுக்குச் சிவப்பாக ஒரு இதயம் அனுப்பினான். தலையில் பாதி நரைத்த பிறகு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை நினைத்தே ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கியது.

இதோ வந்துவிடுவாள், ஈஸ்டருக்குள் வந்துவிடுவாள் என்று வீட்டுக்கு வெள்ளைகூட அடித்துவிட்டான்.

ஸ்பீக்கரில் பாடியவள் ஒருவழியாகத் தானே ஓய்ந்தாள். மிச்ச நிலைகளை ஆண்டனி வயலின் இல்லாமலேயே ஓட்டி முடித்தார்.

வெளியே, செருப்புத் தேடுகிற சாக்கில் ஊரே வாசலில் நின்றது.

“இன்னா மாமா, அடுத்த வாரம் கரகாட்டமா?” என்றது ஒரு குரல்.

சகாயராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் வந்தாள். அழுகின மீனைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

“ஆண்டவர் சாவுலயுமாய்யா உனுக்கு ஆட்டம்?”

“நீ வெச்ச பாட்டுதான் ராணி அது” என்றான் குரலை இறக்கி. “உன் ஸ்டேட்டஸு. நீ தெனம் வெக்கிற, நானும் பதிலுக்கு வெக்கிறன்ல?”

“நான் இன்னா வெச்சேன்? எம் போனத்தான் நான் வந்த அன்னிக்கே பாக்யராஜ் புடுங்கிக்கினானே. அவுனுது கழனித் தண்ணியில வுழுந்துடுச்சின்னு.”

பாக்யராஜ் அவள் தம்பி. வில்லியனூரில் எவளோ ஒருத்தியை நினைத்துத் தாடி வளர்க்கிறவன். காலையில்தான் டீக்கடையில் பிலவேந்திரன் தோளில் கை போட்டு, ‘உனுக்கும் எனுக்கும் ஒரே டேஸ்டு மாமா’ என்றான். சமாதானத்துக்கு அடி போடுகிறான் மச்சான் என்று இவன் வடைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

அந்தச் சிவப்பு இதயம் தாடியோடு கண்முன் வந்து நின்றது.

வேறு எவனுக்கு நடந்திருந்தாலும் இதை வைத்தே ஒரு வருஷம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பான்.

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்க வேண்டும். அதைத்தான் கேட்க வாயெடுத்தான். வந்தது வேறு.

“அப்ப இத்தினி நாளா நீ ஒரு பாட்டும் கேக்கலியா?”

சகாயராணி தலையிலிருந்த முக்காட்டை இறக்கித் தோளில் போட்டாள்.

“தெருவுல உன் வண்டி சத்தம் வருதான்னு கேட்டுக்கினு இருந்தேன்யா. போன வாரத்தோட அதையும் வுட்டுட்டேன்.”