துளி மஞ்சள்

"இன்னிக்குமா? கை என்ன கையா, உலக்கையா?"

ஒயின் கிடங்கு மேற்பார்வையாளர் லாபெர்க் போட்ட சத்தத்தில், முட்டை ஓட்டைக் கொட்டிவிட்டு வந்த மெயிலிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெரிய கிண்ணம் நிறைய வெள்ளைக் கரு. நடுவே மஞ்சள் உடைந்து பரவியிருந்தது.

புது ஒயினைத் தெளிய வைக்க வெள்ளைக் கருதான் வேண்டும். கலங்கலை இழுத்துக்கொண்டு பீப்பாயின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். துளி மஞ்சள் கலந்தாலும் அந்தக் கிண்ணம் ஒயினுக்கு ஆகாது.

"நல்லா பார்த்துத்தான் ஊத்தினேன், மெசியே. ஒவ்வொண்ணையும் தனிக் கோப்பையில உடைச்சுப் பார்த்துட்டுத்தான்..."

"பார்த்தாளாம்! நேத்தும் இதையேதான் சொன்னே."

மெயிலிஸ் மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். இந்த வேலையும் போனால்? காய்ச்சலில் கிடந்து எழுந்த அவள் குழந்தைக்கு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பிரித்தெடுத்த மஞ்சள் கரு முழுவதும் கேக் செய்ய மடத்துச் சிஸ்டர்களுக்குப் போய்விடும். அது இந்தத் திராட்சைத் தோட்டத்து வழக்கம்.

பக்கத்தில் வெள்ளைக் கருவை அடித்துக்கொண்டிருந்த பெர்த் சிரித்தாள். "நான் ஆறு முட்டை தர்றேன்னேன். ரோஷக்காரி, வாங்கலை. அந்த ரோஷத்துல கொஞ்சம் கையில இருந்திருக்கலாம்டி!"

"யார்கிட்டயும் சும்மா வாங்கிப் பழக்கமில்லக்கா."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" லாபெர்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துட்டுப் போ."

"எனக்கு வேண்டாம், மெசியே."

"ஒயினுக்கும் ஆகாது, மடத்துக்கும் ஆகாது. சாக்கடையில கொட்டினா முதலாளியம்மா கண்ணுல படும். அப்புறம் உனக்கு மட்டுமில்ல, எனக்கும் சேர்த்து வேலை போகும். நீ பண்ணின தப்பை நீயே தின்னு தீரு!"

வேறு வழியில்லை. கிண்ணத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு... வரலாமா, மெசியே?"

"வராம? புது ஆளைப் பிடிச்சுப் பழக்க எனக்கு நேரமேது?"

போன உயிர் திரும்பி வந்தது. இன்று ராத்திரியும் குழந்தைக்கு ஆம்லெட். வேலையும் இருக்கிறது. ஆனாலும் தன் கை மேலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. எப்படித்தான் விழுந்தது அந்த மஞ்சள்?

"குளிர் உள்ளே வருது, சீக்கிரம் போ!" என்று பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார் லாபெர்க்.

கதவு மூடுமுன் அந்தக் கையைப் பார்த்தாள். அன்று முழுக்க ஒரு முட்டையைக்கூட உடைக்காத அந்த மனிதரின் கட்டைவிரல் நகத்தில், ஈரம் காயாத மஞ்சள் கரு.