தங்கை வேடம்

டி.வி.யில் விருது விழா ஓடிக்கொண்டிருந்தது. சீரியலில் சுந்தரேஸ்வரி நடித்துவந்த தங்கை வேடத்துக்குத்தான் விருது. வாங்கியவள் வேறொருத்தி.

கொரோனா ஊரடங்கில் சென்னையிலிருந்து சொந்த ஊரான விளாத்திகுளத்துக்கு வந்தவளைச் சேனல் திரும்பக் கூப்பிடவேயில்லை.

“ஒரு போன்கூட பண்ணலியேப்பா. அவ்வளவு மோசமாவா நடிச்சேன்?”

“விடு தாயி, நன்றி கெட்டவனுவ,” என்றார் அப்பா இசக்கியப்பன்.

மேடையில் அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள்.

“இது சுந்தரேஸ்வரி அக்கா வாங்க வேண்டியது. ஷூட்டிங் மறுபடி ஆரம்பிச்சப்போ சேனல்லேருந்து, அவங்க குடுத்திருந்த அப்பா நம்பருக்கு மூணு தடவை பேசினாங்க. அவங்களுக்கு நடிக்க இஷ்டமில்லைன்னு அவர்தான் சொல்லிட்டாராம்.”

சுந்தரேஸ்வரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“மெட்ராஸ்ல தெனமும் இத்தன சாவுன்னு நியூஸ்ல காட்டுனாவ. பயந்துட்டேன் தாயி.”

“பயந்தது தப்பில்லப்பா. எனக்கு நடிப்பே வரலன்னுல்லா இத்தன நாளும் அழுதுக்கிட்டுக் கெடந்தேன்.”